அரிசிப் பத்தியம்

நோய் என்று வந்தால் வைத்தியரிடம் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன பத்தியம்?" என்பதே. சிறுநீரகம் நாட்பட்டுப் பழுதுற்றவர்களின் விஷயத்தில் இக்கேள்வி மிகவும் பொருத்தமானது.

ஜெர்மனியிலிருந்து 1934-ல் அமெரிக்கா சென்று, ட்யூக் ஸர்வகலாசாலையில் அமர்ந்தவர் டாக்டர் வால்டர் கெம்ப்னர். சிறுநீரக நோயாளிகளுக்கு அவர் விதித்த ஆகாரம் நமக்கு வியப்பையே தரும். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை, அவ்வளவுதான். உப்பு இல்லை, பால், முட்டை, மாமிசம் இல்லை. நாளொன்றுக்குப் புரதம் சுமார் 20 கிராமே.

1942-ல் வட காரோலினா மாது ஒருவரை இரண்டு வாரம் கழித்து வரும்படி சொல்லியனுப்பினார். டாக்டரின் ஜெர்மன் உச்சரிப்பு அம்மாளுக்கு விளங்கவில்லை போலும்! இரண்டு மாதம் கழித்தே வந்தார். அத்தனை நாளும் அதே சோறுதான். ஆயினும் பெருத்திருந்த இருதயம் சுருங்கியிருந்தது. கண்ணின் உட்புறத்து இரத்தக் கசிவும் மறைந்திருந்தது.

புரதம் சிதைவதால் உண்டாகும் யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. தளர்ந்தவன் தலையில் சுமையைக் குறைப்பது நியாயந்தானே? ஆனால் அந்த அம்மாள் குணம் கண்டதில் உப்பை நீக்கியதற்கும் பெரும் பங்கு உண்டு. 840 நோயாளிகளைக் கொண்டு நடத்தி, 1994-ல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், புரதக் குறைப்பினால் தெளிவான பலன் புலப்படவில்லை.

நாம் அஞ்சுவது வேறொன்றை. "புரதத்தைக் குறையுங்கள்" என்றதும் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டு, நீர்க் கஞ்சியுடன் கிடப்பவர் உண்டு. கெம்ப்னர் அப்படி விடவில்லை; சர்க்கரையைக் கூட்டித் தினம் சுமார் 2,000 கலோரி கிடைக்கச் செய்தார். அந்தச் சக்தி கிட்டாவிடில் உடல் தன் தசையையே கரைக்கும். அதிலிருந்தும் யூரியாதான் பிறக்கும்! அவருடைய பழச்சாற்றையும் எல்லோரும் பின்பற்றலாகாது. நோய் முற்றியவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் இருதயத்தையே நிறுத்திவிடக் கூடும்.

டயாலிஸிஸ் தொடங்காத, நோய் ஓரளவு முற்றிய பெரியவர்களுக்கு 2024-ம் வருஷத்திய சர்வதேச வைத்திய நெறி கூறும் அளவு, எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு என்றால் கணக்கு விளங்கும். அதற்கும் கீழே போவது வைத்தியர் கண்காணிப்பில் மட்டுமே தகும்.

டயாலிஸிஸ் ஆரம்பித்ததும் விதி தலைகீழாகிறது. இரத்தத்திலுள்ள அமினோ அமிலங்களில் ஒரு பகுதியும் ஒவ்வொரு முறையும் வெளியேறிவிடுகிறது. ஆகவே அதே 60 கிலோ மனிதருக்கு 60 முதல் 72 கிராம் வரை வேண்டும். பழைய பத்தியத்தை நினைத்து வீட்டார் தயங்கினாலும், ஒதுக்கி வைத்த முட்டையின் வெண்கரு அன்று முதல் அவர் இலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.