விவாகச் சட்டமும் வாக்காளர் குரலும்



தேர்தலன்று வாக்களித்ததும் குடிமகனின் கடமை முடிந்துவிடுகிறதா? குடியியல் பாடத்தில் மாணவரிடம் நான் அடிக்கடி கேட்கும் வினா இது. “முடிந்தது ஐயா, இனிப் பிரதிநிதியின் பொறுப்பு” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடை எத்துணைக் குறையுடையது என்பதைக் காட்ட, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

விவாகம் என்பது யாது? சமயமும் மரபும் கூறும் விடை ஒருபுறமிருக்க, சட்டமும் ஒரு விடை கூறுகின்றது. இறந்தவரின் சொத்து யாரைச் சேரும், நோயாளிக்காக முடிவெடுக்கும் உரிமை யாருக்குண்டு என்பனவெல்லாம் அந்த விடையையே பொறுத்தவை. ஒரே பாலைச் சேர்ந்த ஏழு இணையர், தமக்கு விவாக அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டமையால் 2001 இல் அம்மாநிலத்தில் வழக்குத் தொடுத்தனர். மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 2003 நவம்பர் 18 ஆந் திகதி, நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2004 மே 17 முதல் அத்தகைய விவாகங்கள் நடைபெறலாயின.

தீர்ப்பை ஏற்காதோர் அரசியல் யாப்பையே திருத்த முற்பட்டனர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் கையொப்பமிட்டனர். ஆயினும் கையொப்பம் மாத்திரம் போதாது. சட்டசபையின் இரு மன்றங்களிலும் உள்ள 200 ஆசனங்களில் நாலிலொரு பங்கு, அதாவது 50 வாக்குகள், அடுத்தடுத்த இரு சட்டசபைகளிலும் கிடைக்கவேண்டும். அதன் பின்னரே திருத்தம் மக்கள் தீர்ப்புக்குச் செல்லும். 2007 சனவரி 2 ஆந் திகதி 62 வாக்குகள் கிடைத்தன. முதற்படி தாண்டப்பட்டது.

இனி எல்லாம் ஒரு சில அங்கத்தவரின் கையில். “விவாகத்தின் பொருளை நீதிபதிகள் அல்ல, மக்களே தீர்மானிக்கட்டும்” என்றனர் ஒரு சாரார். “சிறு தொகையினரின் உரிமையைப் பெருந்தொகையினரின் வாக்குக்கு விடுதல் நீதியாகுமா?” என்றனர் மறுசாரார். இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல. இரு சாராரும் கடிதம் எழுதினர், தொலைபேசியில் அழைத்தனர், பொஸ்ரன் நகரிலுள்ள சட்டசபை வாயிலில் பதாகைகளுடன் நின்றனர். விவாகம் செய்த இணையர் பலர் தத்தம் பிரதிநிதியை நேரிற் கண்டு, தம் குடும்ப வாழ்வை எடுத்துரைத்தனர்.

அவ்வாறு மனம் மாறியவருள் ஒருவர் செனற்றர் கேல் கண்டாராஸ் அம்மையார். அவர் கூறிய ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. மக்கள் வாக்கெடுப்பு வேண்டுமென்று முன்னர் அவரிடம் கேட்டிருந்த ஒரு மாது, பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாராம். காரணம் யாது? அயலிலே அத்தகைய இணையர் குடிவந்து, அம்மாதின் வீட்டுப் புற்றரையைப் பேணவும் உதவினராம். சட்டம் மாறினால் நல்ல அயலவரை இழக்க நேருமே என்று அவர் அஞ்சினார்.

2007 யூன் 14 ஆந் திகதி இறுதி வாக்கெடுப்பு நடைபெற்றது. புதிய சபையிற் சில ஆசனங்களிற் புதியவர் அமர்ந்திருந்தனர்; பழையவர் சிலர் கருத்து மாறியிருந்தனர். திருத்தத்துக்குக் கிடைத்தவை 45 வாக்குகளே. ஐந்து வாக்குக் குறைவால் அது வீழ்ந்தது. வாக்களிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டதென்று கையொப்பமிட்டோர் மனம் வருந்தினர். அவ்வருத்தமும் உண்மையானதே. 2015 இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் இவ்வுரிமையை விரித்தது.

நேயர்களே, கையொப்பம் தொகையைக் காட்டும். நேரிற் சென்று பேசும் பேச்சு வாழ்க்கையைக் காட்டும். உத்தியோகத்துக்கும் இடமாற்றத்துக்கும் கடிதம் பெறுவதற்கு மாத்திரமே நாம் பிரதிநிதியின் வாசலை மிதிக்கின்றோமா? இயற்றப்படும் சட்டம் நம் வீட்டையும் அயல் வீட்டையும் எவ்வாறு தொடுமென்று எடுத்துரைக்கவும் அந்த வாசல் திறந்தே இருக்கின்றது.