கடற்கொள்ளையருக்குச் சட்டம் வந்தது, மீனவருக்கு?

திருவனந்தபுரம்: கடற்கொள்ளையை ஒடுக்க உலக நாடுகள் கைகோத்து நிற்கின்றன. ஆனால் கொள்ளையர் எனத் தவறாகக் கருதப்பட்டுச் சுடப்படும் மீனவருக்கு எந்த நாட்டு நீதிமன்றம் நீதி வழங்கும் என்ற கேள்விக்குக் கேரளக் கடற்கரை இன்னும் முழுமையான விடை காணவில்லை.

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில் 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகு மீது, இத்தாலியின் 'என்ரிகா லெக்சி' எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டனர். இருவர் உயிரிழந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர்; மற்றவர் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். படகை ஆயுதம் தாங்கிய கொள்ளையரின் படகு என்று கருதியதாக இத்தாலியத் தரப்பு கூறியது. கைதான இரு வீரர்களும் திருவனந்தபுரம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர்.

இந்த அச்சத்துக்கு ஒரு பின்னணி உண்டு. சோமாலியக் கொள்ளையரின் கைவரிசை கிழக்கு நோக்கி நீண்டபோது, கப்பல் தொழில் அமைப்புகள் 2010-இல் "பேரிடர் பகுதி"யின் எல்லையைக் கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரி வரை விரித்தன. கேரளம், குமரி மீனவர்கள் தலைமுறைகளாக வலை வீசிய கடல் அந்தக் கோட்டுக்குள் வந்தது. வணிகக் கப்பல்களில் துப்பாக்கிக் காவல் பெருகியது. காவலரை ஏற்றுவது குறித்த முடிவைக் கப்பலின் கொடி நாட்டுக்கே பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு விட்டுவிட்டது. 2015 டிசம்பரில்தான் எல்லை 65 டிகிரிக்குப் பின்வாங்கப்பட்டது. 2023 ஜனவரி முதல் அந்தப் பகுதி முற்றாக நீக்கப்பட்டது.

யாருக்கு அதிகாரம்?

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 100-ஆவது பிரிவு, கடற்கொள்ளையை ஒடுக்க எல்லா நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. கொள்ளைக் கப்பலை எந்த நாடும் பிடிக்கலாம். பிடித்த நாடே தண்டிக்கலாம். கொள்ளையைத் தடுப்பதாகக் கூறிச் சுட்டவர் அரசுப் பணியாளராக இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது.

சம்பவ இடம் 12 கடல் மைல் ஆட்சிக்கடலுக்கு அப்பால் இருந்ததால் கேரள அரசுக்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரமில்லை என்று 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு சிறப்பு நீதிமன்றம் அமைக்கப் பணித்தது. பின்னர் இத்தாலி நடுவர் மன்றத்தை நாடியது. 2020-இல் அம்மன்றம், வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு. எனவே இந்தியா அவர்களை விசாரிக்க இயலாது என்றது. அதேவேளை, படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது என்றும், இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்றும் கூறியது. இத்தாலி வழங்கிய ரூ.10 கோடியில் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா ரூ.4 கோடியும், படகு உரிமையாளருக்கு ரூ.2 கோடியும் ஒதுக்கி, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய வழக்கை முடித்து வைத்தது. இத்தாலியில் நடந்த குற்ற விசாரணையும் 2022-இல் கைவிடப்பட்டது. இரு உயிர்கள் போன வழக்கில் சாட்சிகளை விசாரித்து, குற்றமா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் முழு விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்லவில்லை.

புதிய சட்டம்

கொள்ளையரைத் தண்டிக்கும் சட்டத்தில் இந்தியா முன்னேறியுள்ளது. 2011-இல் கடற்படை பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்த சோமாலியர்கள் மீது பொதுவான குற்றப் பிரிவுகளின் கீழேயே வழக்குத் தொடர வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 மார்ச்சில் 'ருவென்' கப்பலை மீட்டு, ஐ.என்.எஸ். கொல்கத்தா கொண்டுவந்த 35 கொள்ளையர் மீது அச்சட்டம் பாய்ந்தது. கப்பல் ஊழியர் 17 பேர் காப்பாற்றப்பட்டனர்.

ஆனால் எதிரே வரும் படகு மீன்பிடிப் படகா, கொள்ளைப் படகா என்று உறுதி செய்யும் பொறுப்பு யாருடையது, தவறினால் எங்கே விசாரணை என்பவை பற்றி உலக நாடுகளிடையே தெளிவான உடன்பாடு தேவை. விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பின், பெருங்கப்பல்கள் மீனவரின் வலைகளுக்கு இன்னும் அருகே வருகின்றன. அந்த உடன்பாட்டை முன்னின்று உருவாக்க, இரு மீனவர்களை இழந்த இந்தியாவைவிட உரிமையுள்ள நாடு வேறில்லை.