துறையை மூடிய பிறகு

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்கடியில் ஜார்ஜ் ஃபிளாய்டின் உயிர் போனது. அடுத்த வாரங்களில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாக்குக் கொடுத்தன. இனச் சமத்துவ மையத்துக்கு ஐந்தாண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாக வால்மார்ட் சொன்னது. உயர்பதவிகளில் குறைவாக இருக்கும் சமூகத்தினரின் பங்கை 2025க்குள் 30 சதவீதம் உயர்த்துவோம் என்றார் கூகுளின் சுந்தர் பிச்சை. ஃபிளாய்டு இறந்த நகரிலேயே தலைமையகம் வைத்திருக்கும் டார்கெட், கறுப்பினத்தவரின் நிறுவனங்களிடம் 200 கோடி டாலருக்குப் பொருள் வாங்குவதாக 2021இல் அறிவித்தது.

ஐந்தாண்டு கூட நிலைக்கவில்லை. வால்மார்ட் 2024 நவம்பரிலேயே மையத்தை நீட்டிக்க மறுத்தது. அரசு ஒப்பந்ததாரர்கள் வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1965இல் அதிபர் ஜான்சன் போட்ட ஆணையை, பதவியேற்ற மறுநாளே, 2025 ஜனவரி 21இல், டிரம்ப் ரத்து செய்தார். அதே மாதம் டார்கெட் தன் வேலையிடப் பன்முகத்தன்மை இலக்குகளைக் கைவிட்டது, பிப்ரவரியில் கூகுளும். காஸ்ட்கோவோ அசையவில்லை. அதன் பன்முகத்தன்மைத் திட்டங்களைக் கேள்விக்குள்ளாக்கிய தீர்மானத்தைப் பங்குதாரர்களின் 98 சதவீதத்துக்கும் மேலான வாக்குகள் தோற்கடித்தன.

"மேலிடமே விட்டுவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று ஒதுங்கும் மேலாளர்களை என்னால் ஏற்க முடியாது. இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு பார்த்து வேலையில் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது. அது எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு சாராருக்கென்று கதவு வைக்க முடியாது. கதவை எல்லோருக்கும் அகலத் திறக்கத் தடையில்லை.

இன்னொன்று. கட்டாயப் பன்முகத்தன்மைப் பயிற்சி வகுப்புகளால் பெரிய பலன் இல்லை, மூத்தவர் ஒருவர் இளையவரை வழிநடத்துவது போன்றவை பலன் தருகின்றன என்று சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா காலெவும் 2016லேயே எழுதினார்கள். அதற்குப் பன்முகத்தன்மைக்கென்று தனித்துறை எதற்கு? நேர்காணலுக்கு வரும் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். கலந்து பேசுவதற்கு முன்பே அவரவர் மதிப்பெண்ணை எழுதிவிடலாம். பெயர் வாங்கித் தரும் புராஜெக்ட் யாருக்குப் போகிறது, மீட்டிங் குறிப்பு எழுதும் வேலை யார் தலையில் விழுகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கலாம். நிறுவனம் நிறுத்திவிட்டது என்பதற்காக ஒரு டீம் லீட் இதை நிறுத்த வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டீம் லீடாக இருக்கும் நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. சாதிப் பாகுபாட்டை 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் தடை செய்தது. கலிபோர்னியாவிலோ அதே நோக்கத்தோடு நிறைவேறிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பினார். தனிச்சட்டம் இல்லாத ஊர்களில், புதிதாகச் சேர்ந்த பையனிடம் "எந்த ஊர்?" என்று கேட்டு, "ஊரில் எந்தப் பக்கம்?" என்று தொடர்ந்து, அப்பாவின் முழுப்பெயர் வரை போகும் விசாரிப்பை யார் தடுப்பது? கேட்பவருக்கு அது வெறும் பழக்கம். பதில் சொல்பவருக்கோ, அடுத்த அப்ரைசல் வரை வயிற்றைப் பிசையும் பயம். மதியச் சாப்பாட்டு மேஜையில் அந்த இரண்டாவது கேள்வி எழும்போதே பேச்சைத் திருப்பிவிட எந்தத் துறையின் அனுமதியும் வேண்டாம். மேஜையில் மூத்தவர் வாய் திறந்தால் போதும்.