புதிய அலங்கார மீன்களின் அழுத்த நடத்தை

புதிய அலங்கார மீன்களின் அழுத்த நடத்தை என்பது, கடையிலிருந்தோ பண்ணையிலிருந்தோ கொண்டுவரப்பட்டு வேறொரு தொட்டியில் விடப்படும் மீன்களிடம் முதல் சில நாட்களில் காணப்படும் மாற்றங்களைக் குறிக்கும். ஒளிந்துகொள்ளுதல், இரை எடுக்காமை, நிறம் மங்குதல், செவுள்களை விரைவாக அசைத்தல் ஆகியன இவற்றுள் பொதுவானவை. பெரும்பாலான மீன்கள் இந்நிலையிலிருந்து தாமாகவே மீள்கின்றன. ஆனால் நீரின் தன்மை திடீரென மாறினால் மீன்கள் இறக்கவும் கூடும். நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமாக உள்ள தருமபுரி மாவட்டத்தில் இது கவனிக்க வேண்டிய ஒன்றாகும்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

மீன் அச்சுறுத்தலை உணர்ந்ததும் அதன் இரத்தத்தில் அட்ரினலின் கலக்கிறது. அதைத் தொடர்ந்து, சிறுநீரகத்தின் தலைப்பகுதியில் உள்ள உயிரணுக்கள் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. இதனால் இரத்தச் சர்க்கரை உயர்கிறது, மூச்சு விரைவாகிறது. நன்னீர் மீன்களில் செவுள்கள் வழியாக உடலின் உப்புகள் வெளியேறி, நீர் உட்புகுவதும் மிகுகிறது. கார்ட்டிசோல் அளவு நாட்கணக்கில் உயர்ந்தே இருந்தால் பசியும் நோயெதிர்ப்புத் திறனும் குறையும். புதிதாக விடப்பட்ட மீன்களில் சில நாட்களுக்குப் பின் வெண்புள்ளி நோய் தோன்றுவதற்கு இது ஒரு காரணமாகும்.

பயணத்தின் தாக்கம்

தமிழ்நாட்டில் அலங்கார மீன் வணிகத்தின் முதன்மை மையம் சென்னையின் கொளத்தூர் ஆகும். அங்கிருந்து தருமபுரி ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் உள்ளது. இத்தகைய பயணங்களுக்கு, நெகிழிப் பையில் சிறிதளவு நீரும் மீதி இடத்தில் ஆக்சிசனும் நிரப்பி மீன்களை அனுப்புகின்றனர். மூடிய பையில் மீன்கள் வெளியிடும் கார்பன் டைஆக்சைடு நீரின் காரகாடித்தன்மைச் சுட்டெண்ணைக் (பி.எச்.) குறைக்கிறது. கழிவான அம்மோனியாவும் சேர்கிறது. பி.எச். குறைவாக இருக்கும் வரை அதன் பெரும்பகுதி நச்சுத்தன்மை குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பி.எச். உயர்கிறது. பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் நச்சு அம்மோனியாவின் அளவு ஏறத்தாழ பத்து மடங்காகும். ஆகவே பயணத்தைத் தாங்கிய மீன், பையைத் திறந்த பிறகு பாதிக்கப்படலாம்.

தருமபுரி மாவட்டத்து நீர்

இம்மாவட்டம் கடினப் பாறைப் பகுதியாகும். இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த தாதுக்கள் மிகுதி. புளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக, காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. இதனால் ஒரே வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர், குளோரின் கலந்த குழாய் நீர் என இருவகை நீர் கிடைப்பதுண்டு. இரண்டையும் தொட்டியில் மாறி மாறிப் பயன்படுத்தினால், பழகிய மீன்களும் புதிய மீன்களைப் போலவே அழுத்தத்துக்கு உள்ளாகும்.

கப்பி, மோலி போன்ற குட்டி ஈனும் மீன்கள் கடின நீரை எளிதில் ஏற்கும். அமேசான் படுகையின் மென்னீரைச் சேர்ந்த நியான் டெட்ரா கடின நீருக்குப் பழக அதிகக் கவனம் தேவை.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

முதல் ஓரிரு நாட்கள் ஒளிந்திருப்பதும், இரையைத் தவிர்ப்பதும், நிறம் மங்குவதும் இயல்பானவை. நீர்ப்பரப்புக்கு வந்து வாய் பிளந்து மூச்சு வாங்குதல், பக்கவாட்டில் சாய்தல், செவுள் சிவத்தல் ஆகியவை ஆக்சிசன் குறைபாடு அல்லது அம்மோனியா நச்சின் அடையாளங்களாக இருக்கலாம். அப்போது காற்றூட்டி, நீரில் ஒரு பகுதியை உடனே மாற்ற வேண்டும். உடலைக் கற்களில் உரசுதல் ஒட்டுண்ணித் தொற்றைக் காட்டலாம்.

தொட்டியில் விடும் முறை

- மூடிய பையைத் தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடங்கள் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமனாகும்.
- அருகிலுள்ள கடையில் வாங்கிய மீன்களின் பையில், தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பழக்கலாம்.
- பல மணி நேரம் அடைபட்டு வந்த மீன்களைத் திறந்த பையில் நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. விற்பனையாளரிடம் நீரின் தன்மையைக் கேட்டு, தொட்டி நீரை முன்கூட்டியே அதற்கு நெருக்கமாக அமைத்துக்கொண்டு விரைவில் மாற்றுவது நல்லது.
- மீன்களை வலையால் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.
- குழாய் நீரிலுள்ள குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டு கொண்டு நீக்கலாம்.
- முதல் நாள் விளக்கை அணைத்து வைத்து, மறுநாள் சிறிதளவே இரை இட வேண்டும்.

புதிதாக அமைத்த தொட்டியில் அம்மோனியாவை நைத்திரைட்டாகவும் பின் நைத்திரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை சில மீன்களை மட்டுமே விடுவது பாதுகாப்பானது. ஏற்கெனவே மீன்கள் உள்ள தொட்டியாயின், புதியவற்றை 2 முதல் 4 வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பின் சேர்ப்பது நோய் பரவலைத் தடுக்கும்.