எத்தனை படி எழுத வேண்டும்?

கணித ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. விடைக்கு வந்த வழியில் எத்தனை படிகளை எழுதிக் காட்டுவது, எத்தனையைப் படிப்பவரிடமே விட்டுவிடுவது? டிப்ளமா படித்து, ரயில்வேயில் பாலங்களைப் பார்த்தே காலம் கழித்த எனக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேறொருவர் போட்ட கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு, விடுபட்ட படியின் அருமை நன்றாகவே தெரியும்.

நம் ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. ஆசிரியர் நாராயண ஐயங்கார், நமது பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் பேராசிரியர். வழிமுறை அத்தனை சுருக்கமாக இருந்ததால், அச்சேறுமுன் கட்டுரை பலமுறை திரும்பிப் போய் வந்தது. (அந்த ஆசிரியரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு!)

அதே ஆண்டு அதே இதழில் ராமானுஜன் ஒரு புதிர் போட்டார்:

√(1+2√(1+3√(1+4√(1+…)))) எவ்வளவு?

ஆறு மாதமாகியும் விடை வரவில்லை. அவரே சொன்னார்: 3.

3 என்பது √(1+2×4). அந்த 4 என்பது √(1+3×5). அந்த 5 என்பது √(1+4×6). இப்படியே போகலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாமென்றே தோன்றும்.

ஆனால் 4ஐயும் இதே போல் விரிக்கலாமே! 4 என்பது √(1+2×7.5). அந்த 7.5ஐ மறுபடி விரித்தால் உள்ளே 18.4 வரும், பிறகு 84, பிறகு 1400க்கும் மேல். அப்படியானால் விடை 3ஆ, 4ஆ? 3இன் விரிவில் உள்ளே நிற்கும் எண் 4, 5, 6 என்று அடக்கமாக ஏறுகிறது. ஆழத்தில் அதை வெட்டிவிட்டாலும் விடை அசையாது. 4இன் விரிவிலோ அது கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. வெட்டினால் விடை 4இல் நிற்காது. இதைக் காட்டினால்தான் நிரூபணம் முழுமை பெறும். நீண்ட பெருக்கல்களை எழுதாவிட்டால் குடி முழுகாது. இந்தப் படியை விடலாகாது. ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் இதைப் போட்டுப் பார்க்கட்டும்.

காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவரை நாம் குறை சொல்ல முடியாது. அவருடைய நோட்டுப் புத்தகங்களில் 3000க்கும் மேற்பட்ட முடிவுகள், பெரும்பாலும் வழி காட்டாமலே, இருந்தன. அவற்றுக்கு வழி தேடி அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் 1977இல் உட்கார்ந்தார். ஐந்து தொகுதிகளில் கடைசித் தொகுதி 1998இல்தான் வெளிவந்தது.