தாதிப் பணியில் அடுத்த படி



மயிலிட்டியில், 1990ஆம் ஆண்டுப் போர் அவ்வூரை வெறிதாக்கும்வரை, காசநோய் மருத்துவமனை ஒன்று இயங்கி வந்தது. அத்தகைய நோயாளர் விடுதி ஒன்றை மனத்திற் கொள்வோம். ஒரு கட்டிலில், மாலையிற் காய்ச்சலேறிக் காலையில் தணியும் நோயாளர். வெப்பம் பார்த்து, வேளைக்கு மருந்து கொடுத்து, நிறையைக் குறித்து வந்தால் அவர் நலம் பெறுவார். அடுத்த கட்டிலில் இருப்பவரோ திடீரென இரத்தம் கக்குகிறார்; நாடி விரைகிறது; மூச்சுத் திணறுகிறது. வைத்தியர் வந்து சேருமுன் எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்று அக்கணமே தீர்மானித்தல் வேண்டும்.

இவ்விரு கட்டில்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே, நம்மவர் பெருந்தொகையினராய்க் குடியேறியிருக்கும் கனடாவில் தாதியரை இருவகைப்படுத்தியிருக்கிறது. நிலைமை மாறாத நோயாளரைப் பெரும்பாலும் ‘பிராக்டிக்கல் நர்ஸ்’ எனப்படும் செயல்முறைத் தாதி கவனிப்பார். நிலைமை சிக்கலாகுந்தோறும் ‘ரெஜிஸ்டர்ட் நர்ஸ்’ என்பவரின் பொறுப்பு மிகும். ஒன்ராறியோ மாகாணத்தில் இருசாராரும் ஒரே மன்றத்திற் பதிவு செய்தவர்களே. பெயரைக் கொண்டு மயங்க வேண்டா. முன்னவர்க்கு இரண்டாண்டு டிப்ளோமா போதும். பின்னவர்க்கோ 2005 முதல் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம்.

குடும்பச் சுமையால், விரைவில் ஊதியம் தரும் இரண்டாண்டுப் படிப்பைத் தேர்ந்த பெண்ணொருத்தி பின்னர் மேலே செல்ல விரும்பினால், முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டுமா? வேண்டியதில்லை. அவள் கற்றதற்கு உரிய மதிப்பளித்து, எஞ்சியதை மட்டும் கற்பிக்கும் இணைப்புப் படிப்புகள் உள்ளன. ஊசி போடுவதையும் புண் கட்டுவதையும் அவள் நன்கறிவாள். புதிதாய்க் கற்பவை நோயின் போக்கு, மருந்தின் வினை, ஆராய்ச்சிகளை எடைபோடும் முறை, பிற தாதியரை வழிநடத்தல் முதலியன. பட்டம் பெற்றபின் தகுதித் தேர்வொன்றும் உண்டு. கணினியில் நிகழும் அத்தேர்வில், ஒரு வினாவுக்கு அளித்த விடையைப் பொறுத்தே அடுத்த வினா அமையும்!

இவ்வளவு பாடு எதற்கு என்பார்க்கு ஒரு சான்று கூறலாம். அமெரிக்காவில் லிண்டா ஏக்கன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். பட்டம் பெற்ற தாதியர் விகிதம் நூற்றுக்குப் பத்து மிகுந்த இடங்களில், அறுவைச் சிகிச்சை பெற்றோர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைந்திருந்தது.

கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் செயல்முறைத் தாதியருக்கான இத்தகைய பட்டப்படிப்பைத் தொலைக்கல்வி வழியே நடத்துகிறது. அதே பல்கலைக்கழகத்தின் துணையோடுதான், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் 1994இல், மூன்றாண்டுப் பயிற்சி முடித்துப் பணியிலிருக்கும் தாதியருக்கு விஞ்ஞானமாணிப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. வேலையை விடாமலே கற்கலாம் என்பது இதன் பெருவசதி.

ஆயினும் பாடநூல்தான் தபாலிலோ கணினியிலோ வரும், நோயாளர் வாரார். மருத்துவமனைப் பயிற்சியை நேரிற் சென்றே பெறல் வேண்டும். ஆகவே சேர எண்ணுவோர், தம் பழைய டிப்ளோமாவுக்கு எத்தனை பாடங்கள் கழிக்கப்படும், பயிற்சி எந்நகரில், எத்தனை வாரம் நிகழும் என்பவற்றை முன்னரே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுதல் நன்று.