வீட்டுப் பந்தலில் பன்னீர்த் திராட்சை

கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் விளையும் பன்னீர்த் திராட்சையை வீட்டுத் தோட்டத்திலும் வளர்க்கலாம். நல்ல வெயில் படும், நீர் தேங்காத இடத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் வேர்விட்ட குச்சியை நட்டு, கொடியைப் பந்தலில் படரவிட வேண்டும்.

திராட்சை புதுத் தளிரில்தான் பூக்கும். ஆதலால் கவாத்து செய்யாத கொடி இலையாகவே பெருகும். டிசம்பர்-ஜனவரியிலும் மே-ஜூனிலும், முற்றிய கிளைகளில் அடியிலிருந்து நான்கு கணுக்களை விட்டு எஞ்சியதை வெட்டுதல் வேண்டும்.

நீரிழிவு நோயர்க்குக் கவனம் தேவைப்படுவது இவ்வேளையிலேதான். நெடுநாள் நீரிழிவால் உணர்வு குன்றிய பாதத்தில் வெட்டிய குச்சி குத்தினாலும் வலி தெரியாது. சிறு காயமும் ஆறாப் புண்ணாகக்கூடும். மூடிய காலணியும் கையுறையும் அணிந்தே கொடியருகில் செல்லுங்கள். வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் உடனிருப்போர் பார்த்தல் நன்று. காயம் காணப்பட்டால் கைவைத்தியம் செய்து காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைசுற்றல் உடையோர் ஏணியில் ஏறலாகாது. உயரத்துக் கிளைகளைப் பிறர் வெட்டட்டும்.

பழுத்தபின் கொத்தாக உண்ணாமல், ஒரு வேளைக்குச் சுமார் 15 பழங்களை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உரிய அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டு உறுதிசெய்வது நலம்.